கணக்கு உங்கள் பெயரில், சாவி யார் கையில்? வாட்ஸ்அப், ஜிமெயில், ஃபேஸ்புக் பறிபோகாமல் காக்க முழுமையான வழிகாட்டி

போன மாங்காய் சீசனில் ஒரு நாள். கிருஷ்ணகிரி பக்கம் இருக்கும் என் மொபைல் கடையின் ஷட்டரைப் பாதி தூக்கும்போதே மண்டிக்காரர் ஒருவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கூழ் ஆலைகளுக்கு பெங்களூரா காய் ஏற்றி அனுப்புகிறவர். "தம்பி, என் வாட்ஸ்அப் தொறக்கவே மாட்டேங்குது. ஆனா ராத்திரியெல்லாம் நான் எல்லாருக்கும் மெசேஜ் போட்டுட்டே இருந்தேனாம்" என்றார்.

முந்தின நாள் சாயங்காலம் அவருடைய மச்சான் எண்ணிலிருந்து ஒரு செய்தி. "மாமா, எனக்கு வர வேண்டிய ஆறு இலக்க நம்பர் தப்பா உங்க போனுக்கு வந்துடுச்சு, அனுப்புங்க." அனுப்பிவிட்டார். மச்சானின் வாட்ஸ்அப் அன்று மதியமே வேறொருவன் கைக்குப் போயிருந்தது இவருக்கு எப்படித் தெரியும்? விடிவதற்குள் இவர் பெயரில் சொந்தக்காரர்கள், விவசாயிகள் எல்லோருக்கும் ஒரே பாட்டு: "லோடு வண்டி டோல்கேட்ல நிக்குது, அவசரமா 18,000 போடுங்க." ஓசூரில் இருக்கும் அக்கா மகன் போட்டுவிட்டான்.

வாட்ஸ்அப்பை அரை மணி நேரத்தில் மீட்டோம். சரி, கையோடு ஜிமெயிலையும் பூட்டிவிடலாம் என்று பாஸ்வேர்டு கேட்டேன். "அது போன் வாங்கின கடைல பையன் போட்டுக் குடுத்தான்." மீட்பு எண், அதாவது பாஸ்வேர்டு மறந்தால் குறியீடு வரும் போன் எண், யாருடையது என்று பார்த்தால், அந்தக் கடையின் எண். கடையை மூடி நாலு வருஷம் ஆகிறது.

அந்தப் பையன் நானாகவும் இருந்திருக்கலாம். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து ஊரே புதுப் போன் வாங்கிய நாட்களில், ஒரு நாளைக்குப் பத்து இருபது பேருக்கு ஜிமெயில் திறந்து கொடுத்திருக்கிறேன். பாஸ்வேர்டு, அவர் பெயரும் @123ம். மீட்பு எண் கேட்டால் கடை எண். வரிசை நின்றுகொண்டிருக்கும், அவ்வளவுதான் காரணம். இந்த வழிகாட்டியை அதற்கான பிராயச்சித்தம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பறிப்பவன் பெரும்பாலும் பாஸ்வேர்டோடு மல்லுக்கட்டுவதில்லை. "மறந்துவிட்டேன்" என்று இருக்கிறதே, அந்த இடத்தை அழுத்துகிறான். அது ஒரு போன் எண்ணையோ ஒரு மெயிலையோ கேட்கும். அந்த எண்ணும் மெயிலும் யார் கையில் இருக்கிறதோ அவரே கணக்குக்குச் சொந்தக்காரர். அதனால் நாம் எண்ணில் தொடங்கி, மெயிலுக்குப் போய், பிறகுதான் மற்றதற்கு வரப்போகிறோம். ஏற்கெனவே பறிகொடுத்துவிட்டு இதைப் படிப்பவர்கள் நேராக "பறிபோன அன்று" என்ற பகுதிக்குப் போய்விடுங்கள்; மீதியை நாளைக்குப் படிக்கலாம்.

பறிப்பா, போலியா?

"என் ஃபேஸ்புக்க ஹேக் பண்ணிட்டாங்கண்ணா, பாஸ்வேர்டு மாத்திக் குடுங்க" என்று வருகிறவர்களில் பலருக்கு யாரும் எதையும் ஹேக் செய்திருக்க மாட்டார்கள். அவர்கள் படத்தையும் பெயரையும் எடுத்து எவனோ புதுக் கணக்கு திறந்திருப்பான். நம் வீட்டுக்குள் அவன் வரவேயில்லை. தெரு முனையில் நம் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறான். அதற்கு வீட்டுப் பூட்டை மாற்றி என்ன பயன்?

கண்டுபிடிப்பது எளிது. உங்கள் கணக்கு உங்களுக்குத் திறக்கவில்லை, அல்லது உங்கள் சொந்த எண்ணிலிருந்தே நீங்கள் அனுப்பாத செய்திகள் போகின்றன என்றால் அது பறிப்பு. "உன் போட்டோ போட்டு வேற நம்பர்லேருந்து காசு கேக்குறாங்க" என்று யாராவது சொன்னால் அது போலி. இரண்டுக்கும் மருந்து வேறு. போலிக்கான மருந்தைப் பிற்பாதியில் சொல்கிறேன்.

முதல் வேலை: எண்

உங்கள் சிம் யார் பெயரில் இருக்கிறது? தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களிடம் இதைக் கேட்டால் வரும் பதில்கள் விதவிதமானவை. அப்பா பெயரில், மாமனார் பெயரில், பெங்களூரில் கட்டட வேலைக்குப் போனபோது மேஸ்திரி பெயரில், திருப்பூர் கம்பெனியில் உடன் வேலை செய்தவன் பெயரில். சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் அடையாள அட்டையைக் காட்டி டூப்ளிகேட் சிம் வாங்கலாம். வாங்கிய நொடியில் உங்கள் கையிலிருக்கும் சிம் செத்துவிடும். ஓடிபி எல்லாம் அவருக்குப் போகும். மேஸ்திரி நல்லவராகவே இருக்கட்டும். அவரோடு ஒருமுறை போய், நிறுவனத்தின் ஷோரூமில் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்து, உங்கள் பெயரில் உங்களுக்கே தெரியாமல் சிம் இருக்கிறதா என்று பாருங்கள். மத்திய தொலைத்தொடர்புத் துறை 2023 மே மாதம் தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் எண்ணைக் கொடுத்து, வரும் ஓடிபியைப் போட்டால், உங்கள் பெயரில் ஓடும் இணைப்புகளின் பட்டியல் வரும். தமிழ்நாட்டில் ஒருவர் பெயரில் அதிகபட்சம் 9 இணைப்புகள். பட்டியலில் தெரியாத எண் இருந்தால் "இது என் எண் அல்ல" என்று அங்கேயே குறித்து அனுப்பலாம். ஐந்து நிமிட வேலை. திருவிழா, சந்தை என்று குடை விரித்து சிம் விற்ற காலத்தில் ஆதாரும் கைரேகையும் கொடுத்தவர்கள் கட்டாயம் பாருங்கள்.

நம் ஊருக்கே உரிய பெரிய ஓட்டை பழைய எண். பெங்களூரில் வேலை பார்த்தபோது வாங்கிய எண்ணை ஊருக்குத் திரும்பியதும் ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிடுகிறோம். பிரீபெய்டு எண் 90 நாள் பயன்படாமல் கிடந்தால் நிறுவனம் அதைத் துண்டிக்கலாம். துண்டித்த எண்ணை, குறைந்தது இன்னொரு 90 நாள் கழித்து, வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அவர் திருடராக இருக்க வேண்டியதில்லை. உங்கள் இன்ஸ்டாகிராம் மீட்புக் குறியீடு தானாக அவர் போனுக்குப் போகும். ஆசை வந்தால் போதும். எண்ணை விடுவதற்கு முன் வங்கி, ஆதார், ஜிமெயில், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், யுபிஐ என்று ஒவ்வொன்றிலும் புது எண்ணை ஏற்றுங்கள். வாட்ஸ்அப்பில் "சேஞ்ச் நம்பர்" என்று தனியாகவே ஒரு வசதி இருக்கிறது. எல்லாம் முடியும்வரை பழைய எண்ணை ரீசார்ஜ் போட்டு உயிரோடு வையுங்கள்.

சிம்முக்கும் ஒரு பூட்டு உண்டு. போன் திருட்டுப் போனால், திருடனுக்கு உங்கள் ஸ்கிரீன் லாக் தேவையில்லை. சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் ஓடிபி வந்து விழும். செட்டிங்ஸில் "சிம் லாக்" என்று தேடி ஒரு ரகசிய எண் (பின்) வைத்தால் அந்த வழி அடைபடும். ஆனால் ஒரு எச்சரிக்கை: முதலில் நிறுவனம் வைத்திருக்கும் பழைய பின் என்ன என்று வாடிக்கையாளர் சேவையில் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். மூன்று முறை தவறாகப் போட்டால் சிம் பூட்டிக்கொண்டு 8 இலக்க பியூகே எண் கேட்கும். அதையும் பத்து முறை தவறவிட்டால் சிம்மைத் தூக்கிப் போட வேண்டியதுதான். கையோடு, பூட்டிய திரையில் செய்தியின் உள்ளடக்கம் தெரியாதபடி நோட்டிஃபிகேஷனை மறைத்துவிடுங்கள்.

சிம்மை மோசடியாக மாற்றி வாங்கும் வேலைக்குப் பெரிய மனிதர்களே தப்பவில்லை. 2019 ஆகஸ்டில் ட்விட்டர் நிறுவனத்தின் அன்றைய தலைவர் ஜாக் டோர்சியின் சொந்த ட்விட்டர் கணக்கே இப்படி அவர் எண்ணைக் கைப்பற்றித்தான் பறிக்கப்பட்டது. நமக்கு அறிகுறி ஒன்றுதான்: பக்கத்திலிருப்பவரின் அதே கம்பெனி போனில் சிக்னல் இருக்க, உங்கள் போனில் மட்டும் திடீரென்று நெட்வொர்க் அறவே போய், ரீஸ்டார்ட் செய்தும் வராது. அஞ்செட்டி, பெட்டமுகிலாளம் பக்கத்து ஆட்களுக்கு இதைப் படித்தால் சிரிப்பு வரும். அங்கே அது தினசரி நிலவரம். மற்றவர்கள் உடனே இன்னொரு போனிலிருந்து சிம் நிறுவனத்தையும் வங்கியையும் அழையுங்கள்.

"கூரியர் வந்திருக்கு, இந்த நம்பர டயல் பண்ணுங்க" என்று நட்சத்திரக் குறியோடு தொடங்கும் எதைச் சொன்னாலும் டயல் செய்யாதீர்கள். அது உங்கள் அழைப்புகளை அவனுக்குத் திருப்பிவிடும் வேலை. ஓடிபி அழைப்பாகவும் வரும் என்பதை அவன் அறிவான். இரண்டு அழைப்புகளை இணைக்கச் சொல்லி அப்படி ஓடிபியைக் காது கொடுத்துக் கேட்கும் தந்திரத்தைப் பற்றி 2025ல் யுபிஐயை நடத்தும் என்பிசிஐயே எச்சரித்தது. போன் செட்டிங்ஸில் "கால் ஃபார்வர்டிங்" பகுதியைத் திறந்து, தெரியாத எண் ஏதாவது உட்கார்ந்திருக்கிறதா என்று இன்றே ஒருமுறை பாருங்கள்.

இரண்டாவது: ஜிமெயில்

ஜிமெயிலில் நாம் மெயில் பார்ப்பதே இல்லை. அதனால் அதற்கு மதிப்பில்லை என்று நினைக்கிறோம். உங்கள் போட்டோக்கள், தொடர்பு எண்கள், குரோமில் சேமித்த பாஸ்வேர்டுகள், மற்ற எல்லாக் கணக்குகளின் மீட்பு வழி, எல்லாம் அதற்குள் இருக்கிறது. ஜிமெயில் போனவருக்கு மற்றது போக ஒரு சாயங்காலம் போதும்.

போனில் ஜிமெயிலைத் திறந்து, வலப்பக்க மேல் மூலையில் உங்கள் படம் உள்ள வட்டத்தைத் தொட்டு, கூகுள் அக்கவுண்ட் நிர்வாகத்துக்குள் போய், செக்யூரிட்டி பகுதியைத் திறவுங்கள். முதலில் பார்க்க வேண்டியது மீட்பு எண், மீட்பு மெயில். அங்கே கடைக்காரர் எண்ணோ பழைய எண்ணோ இருந்தால் இப்போதே மாற்றுங்கள். மீட்பு மெயிலாக வீட்டில் இன்னொருவருடையதைக் கொடுக்கலாம், அவருடைய மெயில் ஒழுங்காகப் பூட்டியிருந்தால்.

அதற்குக் கீழே "உங்கள் கருவிகள்" பட்டியல் வரும். விற்ற பழைய போன், மகன் ஹாஸ்டலுக்கு எடுத்துப்போன டேப், பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டர், எல்லாம் அதில் இன்னும் நுழைந்தபடியே இருக்கும். தெரியாததையும் தேவையில்லாததையும் ஒவ்வொன்றாக வெளியேற்றுங்கள். பிறகு பாஸ்வேர்டை மாற்றுங்கள். இந்த வரிசை முக்கியம்: மீட்பு எண்ணைச் சரிசெய்யாமல் பாஸ்வேர்டை மட்டும் மாற்றினால், பழைய எண் வைத்திருப்பவர் பத்தே நிமிடத்தில் அதை மறுபடி மாற்றுவார்.

அடுத்து டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன். பாஸ்வேர்டு தெரிந்தாலும் இன்னொரு சான்று கேட்கும் ஏற்பாடு. எஸ்எம்எஸ் ஓடிபி, சிம் பறிபோனால் பயன்படாது. ஆனாலும் ஒன்றுமில்லாததற்கு அது ஆயிரம் மடங்கு மேல். முடிந்தவர்கள் ஆதென்டிகேட்டர் செயலி வைத்துக்கொள்ளுங்கள். 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்க எண், சிக்னல் இல்லாத இடத்திலும் வரும். அதையும்விட நல்லது பாஸ்கீ. உங்கள் விரல் ரேகையாலோ போனைத் திறக்கும் பின் எண்ணாலோ திறக்கும். அது அசல் தளத்தோடு மட்டும் பேசும் என்பதால், அச்சு அசலாகச் செய்த போலித் தளத்தில் ஏமாந்து தட்டினாலும் வேலை செய்யாது. அறுபது வயது அம்மாவுக்குக்கூட நான் பாஸ்கீதான் போட்டுக் கொடுக்கிறேன். ஓடிபியைப் படித்துச் சொல்லும் வாய்ப்பே இல்லாமல் போகிறது பாருங்கள்.

அதே பக்கத்தில் "பேக்கப் கோட்ஸ்" இருக்கும். பத்து குறியீடுகள், ஒவ்வொன்றும் ஒருமுறைக்கு. போன் தொலைந்த அன்று உங்களைக் காப்பாற்றப்போவது அதுதான். கையால் ஒரு தாளில் எழுதி, ரேஷன் கார்டும் பத்திரமும் வைக்கும் பையில் போடுங்கள். போட்டோ எடுத்து அதே போனில் வைத்தால் பூட்டுக்குள் சாவியை வைத்துப் பூட்டிய கதை.

கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறக்க முடிந்தால் செட்டிங்ஸில் ஃபில்டர், ஃபார்வர்டிங் இரண்டையும் பாருங்கள். ஒருமுறை நுழைந்தவன் "வங்கியிலிருந்து வரும் மெயிலை எனக்கு ஒரு நகல் அனுப்பு, பிறகு அழித்துவிடு" என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருப்பான். பாஸ்வேர்டை எத்தனை முறை மாற்றினாலும் அந்த விதி அங்கேயே இருக்கும்.

பாஸ்வேர்டு பற்றிக் கொஞ்சம்

நீளம்தான் பலம். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறி என்று எட்டு எழுத்தில் குழப்பியடிப்பதைவிட, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் ஒட்டி எழுதுவது மேல். உங்கள் வீட்டுக் கொல்லையில் கண்ணில் படுவதை எடுங்கள். பழமொழி, சினிமாப் பாட்டு வரி, பிள்ளைகள் பெயர், வண்டி எண் வேண்டாம். ஒவ்வொரு கணக்குக்கும் வேறு வேறு. ஏதோ ஒரு சின்ன ஷாப்பிங் தளத்திலிருந்து கசிந்த பாஸ்வேர்டைக் கொண்டு ஜிமெயிலைத் திறந்து பார்ப்பது திருடனுக்கு அன்றாட வேலை. டிராய் ஹண்ட் என்ற ஆஸ்திரேலியர் 2013 முதல் நடத்தும் "ஹேவ் ஐ பீன் ப்வ்ன்டு" (haveibeenpwned.com) தளத்தில் மெயில் முகவரியைப் போட்டால் எந்தக் கசிவில் அது சிக்கியது என்று காட்டும்.

இத்தனையை எப்படி நினைவில் வைப்பது? நோட்டில் எழுதுங்கள். ஆமாம், காகித நோட்டு. விவரம் தெரிந்தவர்கள் சிலர் இதற்கு முகம் சுளிப்பார்கள். உங்கள் கணக்கைப் பறிப்பவன் எங்கோ வேறு மாநிலத்தில் உட்கார்ந்திருக்கிறான்; உங்கள் பீரோவைத் திறக்க அவன் பஸ் ஏறி பாப்பிரெட்டிப்பட்டிக்கு வரமாட்டான்.

மூன்றாவது: வாட்ஸ்அப்

செட்டிங்ஸ், அக்கவுண்ட், டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன். ஆறு இலக்கப் பின் வைத்து, கேட்கும் இடத்தில் மெயிலையும் கொடுங்கள். மண்டிக்காரர் மட்டும் இதை வைத்திருந்தால், அந்த ஆறு இலக்கக் குறியீட்டை அனுப்பிய பிறகும் திருடன் இந்தப் பின் தெரியாமல் வாசலிலேயே நின்றிருப்பான். பிறந்த வருடமும் 123456ம் வேண்டாம். எஸ்எம்எஸ்ஸில் வரும் குறியீடு வேறு, நீங்கள் வைத்த பின் வேறு. இரண்டையும் யாருக்கும் சொல்லக்கூடாது, மச்சானுக்கும்.

இரண்டாவது ஓட்டை "லிங்க்ட் டிவைசஸ்". வாட்ஸ்அப்பை இன்னும் நாலு கருவிகளில் இணைத்து வைக்கலாம். இதில் ஒருவன் நுழைந்தால் உங்கள் வாட்ஸ்அப் வழக்கம்போல ஓடிக்கொண்டே இருக்கும். அவனும் கூடவே படித்துக்கொண்டிருப்பான், அனுப்புவான், அழிப்பான். "இந்தப் போட்டிக்கு ஓட்டுப் போடு", "இந்தப் போட்டோவில் இருப்பது நீயா பார்" என்று ஒரு லிங்க் வரும். திறந்தால் எண் கேட்கும். பிறகு வாட்ஸ்அப்பில் எட்டு எழுத்துக் குறியீடு ஒன்றைப் போடச் சொல்லும். போட்டால் அவன் கருவி இணைந்தது. இதை அந்த ஆறு இலக்கப் பின் தடுக்காது. அதனால் மாதம் ஒருமுறை அந்தப் பட்டியலைத் திறந்து பாருங்கள். பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுக்க ஸ்கேன் செய்துவிட்டு வந்தது அதில் பச்சையாக நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ப்ரைவசி பகுதியில் புரொஃபைல் படத்தை "மை கான்டாக்ட்ஸ்" என்று மாற்றுங்கள். குழுக்களில் யார் உங்களைச் சேர்க்கலாம் என்பதையும் அப்படியே.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம்

மேலே சொன்னதே இங்கும்: தனி பாஸ்வேர்டு, டூ ஸ்டெப், புது இடத்திலிருந்து நுழைந்தால் தகவல் சொல்லும் லாகின் அலர்ட். கூடுதலாக ஒன்று, அதிகம் பேர் செய்யாதது: நண்பர்கள் பட்டியலை "ஒன்லி மீ" ஆக்குங்கள். போலிக்காரனுக்கு உங்கள் படம் மட்டும் இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. யாரிடம் காசு கேட்பது என்று தெரிய வேண்டும். அந்தப் பட்டியலை நாமே விரித்து வைத்திருக்கிறோம். ஃபேஸ்புக்கில் புரொஃபைல் லாக் வசதியும் உண்டு, போட்டுவிடுங்கள்.

கடைப் பக்கம் நடத்துகிறவர்கள், குறிப்பாக சீசனில் மாம்பழப் பெட்டி அனுப்புகிறவர்கள், கணக்கை ஒரே ஆளின் போனில் வைக்காதீர்கள். வீட்டில் நம்பிக்கையான இன்னொருவரையும் நிர்வாகியாகச் சேருங்கள். "பணம் பெறுவது இந்த ஒரே எண்ணில்" என்று பக்கத்தின் மேலே நிரந்தரமாகக் குத்தி வையுங்கள். பங்கனப்பள்ளி வரத்து தொடங்கும்போது உங்கள் பெட்டி படத்தை வைத்தே முன்பணம் வசூலிக்கும் போலிப் பக்கங்களும் வரத்து தொடங்கும்.

ஏபிகே என்று முடியும் எதுவும்

கல்யாணப் பத்திரிகை, பிஎம் கிசான் தவணை, போக்குவரத்து அபராதம். வாட்ஸ்அப்பில் கோப்பாக வந்து, பெயர் ஏபிகே என்று முடிந்தால் அது பத்திரிகை அல்ல, செயலி. நிறுவினால் உங்கள் எஸ்எம்எஸ்ஸை அப்படியே அவனுக்கு அனுப்பும். மேலே நாம் வைத்த பூட்டுகளில் பாதி வீணாகும். நம் ஊரில் முகூர்த்த மாதத்தில் நாலு பத்திரிகை ஒரே நாளில் வரும். தெரிந்த எண்ணிலிருந்துதான் இதுவும் வரும். நிறுவிவிட்டீர்கள் என்றால் உடனே டேட்டாவை அணைத்து, வேறு போனிலிருந்து வங்கியை அழைத்து, அந்தப் போனை ஃபேக்டரி ரீசெட் செய்வதே உத்தமம்.

ஜெராக்ஸ் கடையில் விட்டுவரும் அடையாளம்

ஆதாரை வாட்ஸ்அப்பில் கடை எண்ணுக்கு அனுப்பி பிரிண்ட் எடுக்கிறோம். அது அந்தக் கடைப் போனின் கேலரியில் ஏறி உட்கார்ந்துவிடும். என் கடையில் தினமும் இரவு அழிக்கிறேன். எல்லாரும் அழிப்பார்கள் என்று சொல்ல மாட்டேன். கடைக்காரர் எதிரிலேயே அழிக்கச் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார். முதல் 8 இலக்கங்கள் மறைந்த மாஸ்க்டு ஆதாரை ஆதார் ஆணையத் தளத்திலேயே எடுக்கலாம். நகலில் எதற்காக, எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்று குறுக்காக எழுதிக் கையெழுத்திடுங்கள். கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதி ஆதார் செயலியில் உண்டு. கைரேகை வைத்துப் பணம் எடுக்காதவர்கள் பூட்டியே வைக்கலாம். ரேஷன் கடைக்குப் போகுமுன் திறக்க மறந்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

பறிபோன அன்று

1. பணம் போயிருந்தால் எல்லாவற்றுக்கும் முன் 1930. மத்திய அரசின் சைபர் மோசடி உதவி எண். அவன் கணக்கிலிருந்து கணக்குக்கு மாற்றி எடுப்பதற்குள் வங்கிகள் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அந்த வாய்ப்பைத் தின்கிறது. பரிவர்த்தனையின் 12 இலக்க எண், நேரம், தொகை கையில் இருக்கட்டும். பிறகு உங்கள் வங்கி. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, ஓடிபியை நீங்களே கொடுத்திருந்தாலும், வங்கிக்குச் சொன்ன நேரத்துக்குப் பிறகு ஏற்படும் இழப்பு உங்களுடையதல்ல. அதனால் சொன்ன நேரத்துக்கு அத்தாட்சியாகப் புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

2. வாட்ஸ்அப் போயிருந்தால், உங்கள் போனில் உங்கள் எண்ணைப் போட்டு மறுபடி பதிவு செய்யுங்கள். எஸ்எம்எஸ்ஸில் வரும் குறியீட்டைப் போட்டதும் அவன் வெளியே தள்ளப்படுவான். அவன் தனக்கென்று ஒரு பின் வைத்திருந்தால் உங்களிடம் அதைக் கேட்கும். தெரியாவிட்டால் 7 நாள் காத்திருக்க வேண்டும். அந்த ஏழு நாளும் அவனும் உள்ளே இல்லை, பயப்பட வேண்டாம். குறியீட்டைப் பலமுறை கேட்டுக் கேட்டு அழுத்தினால் காத்திருப்பு நேரம் நீளும், பொறுமையாக ஒருமுறை. திறந்ததும் லிங்க்ட் டிவைசஸ் பார்த்து எல்லாவற்றையும் வெளியேற்றி, பின் வையுங்கள்.

3. அதே நேரத்தில் வீட்டில் இன்னொருவர் போனில் உட்கார்ந்து, குழுக்களில் குரல் பதிவு போடட்டும்: "அண்ணன் நம்பர்லேருந்து காசு கேட்டா போடாதீங்க." எழுதியதைவிடக் குரலுக்கு மதிப்பு அதிகம். குழு நிர்வாகிகளிடம் சொல்லி அந்த எண்ணைத் தற்காலிகமாக நீக்கச் சொல்லுங்கள்.

4. ஜிமெயில் போயிருந்தால், கூகுளின் மீட்புப் பக்கத்தில் முயலுங்கள். நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் அதே போன், அதே வீட்டு வைஃபை, அதே இடம். கூகுள் இதையும் சான்றாகப் பார்க்கிறது. என் கடைக்கு ஓடிவந்து என் கம்ப்யூட்டரில் முயல்வது உங்கள் வாய்ப்பைக் குறைக்கும். பழைய பாஸ்வேர்டு நினைவிருந்தால் அரைகுறையாக இருந்தாலும் கொடுங்கள். கேள்வியைத் தாண்டிப் போகாதீர்கள்.

5. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டுக்கும் அவற்றின் முகவரியை அடுத்து ஒரு சாய்கோடு போட்டு ஆங்கிலத்தில் "ஹேக்டு" (hacked) என்று அடித்தால் மீட்புப் பக்கம் வரும். இன்ஸ்டாகிராம் மெயிலை அவன் மாற்றியிருந்தால், உங்கள் பழைய மெயிலுக்கு அந்த மாற்றத்தைப் பற்றிய தகவல் வந்திருக்கும். அதிலிருந்தே மாற்றத்தைத் திருப்பலாம். இதற்காகத்தான் ஜிமெயிலை முதலில் மீட்கச் சொல்கிறேன்.

"நான் மீட்டுத் தருகிறேன், 2,000 அனுப்புங்க" என்று நம் புலம்பல் பதிவுக்குக் கீழே வந்து நிற்கும் ஹேக்கர் இருக்கிறானே, அவன் இரண்டாவது திருடன்.

போலிக் கணக்கு வந்தால்

முதலில் பிளாக் செய்யாதீர்கள். ஆதாரம் எடுத்த பிறகு செய்யலாம். படத்தையும் பெயரையும் மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் போதாது, பெயரை அவன் ஒரு நிமிடத்தில் மாற்றிவிடுவான். புரொஃபைலின் லிங்க், வாட்ஸ்அப் என்றால் முழு எண், பணம் கேட்ட உரையாடல், அவன் கொடுத்த யுபிஐ முகவரி, நாள், நேரம். போலிக் கணக்கு உங்களையே பிளாக் செய்திருக்கும். நண்பர் போனில் பார்த்து எடுங்கள்.

ஃபேஸ்புக்கில் அந்தக் கணக்கின் மூன்று புள்ளியைத் தொட்டு, ரிப்போர்ட், போலிக் கணக்கு என்று போய், "என்னைப் போல நடிக்கிறது" என்பதைத் தேர்ந்தெடுங்கள். நண்பர்கள் "என் நண்பரைப் போல நடிக்கிறது" என்பதை அழுத்தி உங்கள் அசல் கணக்கைக் காட்ட வேண்டும். "நூறு பேர் ரிப்போர்ட் அடிச்சா தானா போயிடும்" என்று ஊரில் ஒரு நம்பிக்கை. எண்ணிக்கையை வைத்து நீக்குவதில்லை என்று ஃபேஸ்புக்கே சொல்கிறது. காரணத்தை மாற்றி அழுத்திய நூறைவிடச் சரியாக அழுத்திய ஐந்து போதும். வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் அடித்தால் கடைசி ஐந்து செய்திகள் அவர்களுக்குப் போகும்; அதனால் காசு கேட்டு செய்தி வந்தவரே ரிப்போர்ட் செய்வதுதான் பயன்.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 2021ல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள், ஆள்மாறாட்டக் கணக்கு பற்றிப் பாதிக்கப்பட்டவர் புகார் கொடுத்தால் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று நிறுவனங்களுக்குக் கெடு வைத்தன. ஒவ்வொரு பெரிய தளத்துக்கும் இந்தியாவுக்கான குறைதீர் அதிகாரி உண்டு. அவர் கைவிரித்தால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவிடம் இணையத்திலேயே போகலாம், கட்டணம் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000ல் பிறர் பாஸ்வேர்டு, அடையாளத்தைத் திருடிப் பயன்படுத்துவது பிரிவு 66சி, கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது 66டி. இரண்டுக்கும் மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

புகாரை சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் பதியலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது. நேரில் போனால், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது கேட்டு வாங்குங்கள். குடியிருப்பது கர்நாடக எல்லைக்குள் அத்திப்பள்ளி, கணக்கு ஓசூர் வங்கியில், ஏமாற்றியவன் வடக்கே எங்கோ என்று இருந்தாலும், "எங்க லிமிட் இல்ல" என்று திருப்பி அனுப்ப முடியாது. 2024 ஜூலை முதல் நடப்பிலிருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், எந்த எல்லையில் நடந்த குற்றத்துக்கும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்கிறது.

குழுக்களுக்கு ஒரு வார்த்தை. எருது விடும் விழாவுக்கு நுழைவுக் கட்டணம், பண்டிகை வரி, சீட்டுப் பணம் எல்லாம் வாட்ஸ்அப் குழுவில் வசூலாகிறது. விழாக் குழுத் தலைவர் படத்தோடு "புது நம்பர், இதுல அனுப்புங்க" என்று வந்தால், பழைய எண்ணுக்கு ஒரு போன் போட்டுவிட்டு அனுப்புங்கள். குரலையே போலி செய்கிற காலம் இது. வீட்டுக்குள் ஒரு கேள்வியைப் பேசி வைத்துக்கொள்ளலாம், "நம்ம ஊட்டு கருப்பு மாட்ட யாருக்கு வித்தோம்?" என்பதற்கு எந்த இயந்திரமும் பதில் சொல்லாது.

இறந்தவர் எண்

கடைசியாக ஒன்று, யாரும் பேச விரும்பாதது. அப்பா இறந்த பிறகு அவர் போனைப் பீரோவில் வைத்துவிடுகிறோம். ரீசார்ஜ் நிற்கிறது, எண் துண்டிக்கப்படுகிறது, சில மாதங்களில் வேறொருவருக்குப் போகிறது. அப்பாவின் வாட்ஸ்அப்பை அந்தப் புது ஆள் திறந்தால், குடும்பக் குழுவில் அப்பா எண்ணிலிருந்து செய்தி வரும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அப்படி வந்தது. "யார் நீங்க, எதுக்கு என்ன இந்த குரூப்ல வச்சிருக்கீங்க" என்று கேட்டிருக்கிறார் அந்த அப்பாவி மனிதர். அந்த வீட்டு அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை.

காரியம் முடிந்த கையோடு அவரைக் குழுக்களிலிருந்து நீக்குங்கள். வங்கி, பென்ஷன், கேஸ், மின் இணைப்பு எல்லாவற்றிலும் எண் மாறும்வரை குறைந்த ரீசார்ஜ் போட்டு சிம்மை வைத்திருங்கள். அவர் ஜிமெயிலில் இருக்கும் போட்டோக்களை இறக்கிக்கொள்ளுங்கள். நீங்கள் உயிரோடு இருக்கும்போதே உங்கள் ஜிமெயிலில் "இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்" திறந்து, இத்தனை மாதம் நான் வராவிட்டால் இன்னாருக்குக் கொடு என்று மகள் பெயரையோ மகன் பெயரையோ எழுதி வைக்கலாம். வாட்ஸ்அப் கணக்கை அவர் போனிலிருந்தே செட்டிங்ஸில் அழித்துவிட்டு, பிறகு சிம்மைக் கழற்றுங்கள்.